நம் தலைக்கு மேல் கடந்துபோகும் புயல்கள்

"கெடாவுக்குப் புயல் வராதுப்பா."

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த யாரும் இதைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. பிலிப்பைன்சில் டைஃபூன் என்று தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போதும், நாகப்பட்டினத்தில் புயல் அடித்துவிட்டது என்று ஊரிலிருந்து தகவல் வரும்போதும், பெரியவர்கள் ஒரு பெருமூச்சோடு இதைச் சொல்வார்கள். மேற்கே சுமத்ரா தடுக்கும், கிழக்கே தித்திவாங்சா மலை தடுக்கும், நடுவில் நாம் பத்திரம். இதுதான் நாங்கள் கற்ற தோட்டத்துப் பூகோளம்.

2025 நவம்பர் கடைசி வாரம் அந்த நம்பிக்கையை உலுக்கியது. மலாக்கா நீரிணைக்குள்ளேயே ஒரு புயல் உருவானது. நவம்பர் 26ஆம் தேதி இந்திய வானிலைத் துறை அதற்குச் சென்யார் என்று பெயர் அறிவித்தது. வட சுமத்ராவில் கரையேறி, அங்கே பெருவெள்ளத்தையும் நிலச்சரிவையும் உண்டாக்கிவிட்டு, கிழக்கே திரும்பி, நீரிணையை மறுபடி கடந்து சிலாங்கூர் கரைக்கு வந்து சேர்ந்தது. சுமத்ராவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குச் சில நாள் முன்பே, நம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஹட்யாயில் ஒரே நாளில் 335 மில்லிமீட்டர் மழை கொட்டியிருந்தது. பெர்லிசிலும் கெடாவிலும் மக்கள் மூட்டை முடிச்சோடு நிவாரண மையங்களுக்குப் போனார்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் சித்தி ஒரு கேள்வி கேட்டார்: "நமக்குத்தான் புயல் வராதே தம்பி, இது எங்கிருந்து வந்துச்சு?" குரல் பதிவில் ஐந்து நிமிடம் பேசி விளக்கினேன், போதவில்லை. சித்தியைப் போல இன்னும் பலருக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

புயல் எப்படிப் பிறக்கிறது

அட்லாண்டிக்கில் இதற்கு ஹரிக்கேன் என்று பெயர். ஜப்பான், பிலிப்பைன்ஸ் பக்கம் டைஃபூன். வங்கக் கடலில் சைக்ளோன். மூன்றும் ஒரே பிறவி. ஹரிக்கேன் என்றும் டைஃபூன் என்றும் அழைக்க, காற்று மணிக்கு 119 கிலோமீட்டர் வேகத்தைத் தொட வேண்டும். வங்கக் கடலில் ஏறக்குறைய 62 கிலோமீட்டரைத் தாண்டினாலே இந்திய வானிலைத் துறை அதைப் புயல் என்று அறிவித்துப் பெயர் கொடுத்துவிடும். அதற்குக் கீழே இருப்பவை தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம்.

புயலுக்கு உணவு சூடான கடல். மேற்பரப்பு மட்டும் சூடாக இருந்தால் போதாது. ஏறக்குறைய ஐம்பது மீட்டர் ஆழம் வரை 26.5 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் காற்று கடலைக் கலக்கும்போது அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்து புயலின் பசியை அடக்கிவிடும்.

சூடான கடலிலிருந்து நீர் ஆவியாகி மேலே போகிறது. மேலே குளிர்ந்து மேகத் துளியாக மாறும்போது, ஆவியாவதற்கு எடுத்துக்கொண்ட வெப்பத்தை அப்படியே வெளியே விடுகிறது. இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் படும் ஆவி, கொதிக்கும் தண்ணீரைவிட மோசமாகச் சுடுவது இதனால்தான்: ஆவி தோலில் பட்டு நீராகும் அந்த நொடியில் உள்ளே இருந்த வெப்பம் வெளிப்படுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்க ஆகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கும் மேல் வேண்டும், கொதித்த அதே நீரை முழுக்க ஆவியாக்க. பல நூறு கிலோமீட்டர் அகலமுள்ள கடற்பரப்பில் இது இரவும் பகலும் நடக்கிறது என்றால், புயலுக்குள் எவ்வளவு ஆற்றல் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த வெப்பம் மேலிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று இன்னும் உயரே ஏறுகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்ப நாலா பக்கமிருந்தும் ஈரக் காற்று ஓடி வருகிறது. அது கொண்டுவரும் ஈரமும் மேலேறி மேகமாகி இன்னும் வெப்பத்தை விடுகிறது. தனக்குத் தானே தீனி போட்டுக்கொள்ளும் சுற்று இது.

அடுத்து வேண்டியது சுழற்சி. பூமி சுழல்வதால், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நகரும் காற்று தன் வலப்பக்கம் விலகும். மையத்தை நோக்கி ஓடிவரும் காற்று நேரே மையத்தில் போய் விழாமல் விலகி, அதைச் சுற்ற ஆரம்பிக்கிறது. அதனால்தான் பூமியின் வடபாதியில் எல்லாப் புயல்களும் இடஞ்சுழியாகச் சுற்றுகின்றன. நிலநடுக்கோட்டில் இந்த விலக்கம் பூச்சியம். அங்கிருந்து விலக விலகக் கூடும். பொதுவாக ஐந்து பாகைக்கு அப்பால்தான் புயலைச் சுழற்றிவிடும் அளவுக்கு அது வலுக்கிறது.

கடைசியாக, மேலேயும் கீழேயும் வீசும் காற்றின் வேகத்திலும் திசையிலும் பெரிய வேறுபாடு இருக்கக் கூடாது. இருந்தால், எழும்பி வரும் மேகக் கோபுரம் சாய்ந்து கலைந்துவிடும். இத்தனையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஏற்கெனவே இருக்கும் ஒரு மழைக் கலக்கத்தோடு கூடி வந்தால் புயல் பிறக்கிறது. முற்றிய புயலின் நடுவில் காற்றும் மழையும் அடங்கிய கண் இருக்கும். கண்ணைச் சுற்றியுள்ள சுவரில்தான் கொடுங்காற்று. நிலத்தில் ஏறியதும் கடலின் ஈரம் கிடைக்காமல் காற்று தளர்ந்துவிடும். ஆனால் உள்ளே சுமந்து வந்த தண்ணீர் எங்கே போகும்? அது மழையாகக் கொட்டித்தான் தீரும். கெடாக்காரர்கள் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி இது.

கெடா எந்த இடத்தில் இருக்கிறது

நாம் நிலநடுக்கோட்டில் இருப்பதால் புயல் வராது என்று பலர் சொல்வார்கள். அது ஜொகூருக்குப் பொருந்தும். அலோர் ஸ்டார் இருப்பது வடக்கே 6 பாகையைச் சற்றுத் தாண்டி. இலங்கையின் அம்பாந்தோட்டையும் ஏறக்குறைய அதே கோட்டில்தான் இருக்கிறது. லங்காவி இன்னும் கொஞ்சம் வடக்கே. ஆக, நாம் வாசற்படியில் நிற்கிறோம்.

நம்மைக் காப்பாற்றுவது பெரும்பாலும் நிலத்தின் அமைப்பு. மலாக்கா நீரிணை ஒடுக்கமானது. ஒரு நடுத்தரப் புயல் கைகால் நீட்டிப் படுக்கக்கூட அங்கே இடமில்லை. இரண்டு பக்கமும் மலையும் காடும். தென்சீனக் கடலில் பிறக்கும் புயல்கள் மேற்கு, வடமேற்காக நகர்பவை. நம் கிழக்கே உயர்ந்த மலைகள். ஆனால் வடக்கே, தென் தாய்லாந்தில், தீபகற்பம் ஒடுங்கிக் குறுகிவிடுகிறது. புயல்கள் கடப்பது அந்த வழியாகத்தான். நம் வீட்டுக்குப் பக்கத்துச் சந்து அது.

இயற்கை இந்தக் கணக்குகளை அவ்வப்போது மீறியும் இருக்கிறது. 2001 டிசம்பர் 27ஆம் தேதி வாமெய் புயல் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை பாகை தூரம்கூட இல்லாத இடத்தில், சிங்கப்பூருக்குப் பக்கத்தில் உருவாகி ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. வடகிழக்கிலிருந்து பாய்ந்து வந்த குளிர்காற்று, போர்னியோ பக்கம் இருந்த ஒரு சுழலோடு சேர்ந்து அதை உண்டாக்கியது. 1996 டிசம்பர் 26ஆம் தேதி கிரெக் புயல் சபாவின் கெனிங்காவ் பகுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. சென்யார் இந்தப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

ஒரே புயல், இரண்டு கரைகள்

நான் இந்தப் பதிவில் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான்.

2010 நவம்பர் தொடக்கத்தில் கெடாவும் பெர்லிசும் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அலோர் ஸ்டார் விமான நிலையம் மூடப்பட்டது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை அலோர் ஸ்டாருக்கும் ஜித்ராவுக்கும் இடையே தண்ணீருக்குள் போனது. வயல்கள் பாழாயின. சுற்றிலும் வெள்ளம், குழாயில் மட்டும் தண்ணீர் இல்லை. பல்லாயிரம் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். நாம் அதை வெறும் "பாஞ்சிர்", வெள்ளம், என்று சொல்லி முடித்துவிட்டோம்.

அந்த மழையைக் கொண்டு வந்தது தென்சீனக் கடல் பக்கத்திலிருந்து நகர்ந்து வந்த ஒரு தாழ்வு மண்டலம். தாய்லாந்து வளைகுடாவைத் தாண்டி, ஹட்யாயை மூழ்கடித்து, நம் வடக்கை நனைத்து, மேற்கே வங்கக் கடலுக்குள் போனது. அங்கே சூடான கடல் அதற்குக் காத்திருந்தது. வலுத்துப் புயலாகி, ஜல் என்று பெயர் பெற்று, நவம்பர் 7ஆம் தேதி சென்னைக்கு வடக்கே கரை கடந்தது. ஒரு வாரத்துக்குள் அலோர் ஸ்டாரில் வெள்ளம், சென்னைக் கரையில் புயல் எச்சரிக்கை. இரண்டும் ஒன்றின் வேலை.

2018இல் கஜா. அதன் தொடக்கமும் தாய்லாந்து வளைகுடாவில் ஒரு பலவீனமான தாழ்வழுத்தம்தான். மலாய் தீபகற்பத்தைக் கடந்து அந்தமான் கடலுக்குப் போய், நவம்பர் 10ஆம் தேதி தாழ்வு மண்டலமாகி, மறுநாள் புயலாகி, 16ஆம் தேதி விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. எங்கள் பாட்டன் வழி உறவுகள் அந்தப் பக்கம்தான். புயலுக்குப் பிறகு பேசிய அத்தை, "வீடு போனா கட்டிக்கலாம்டா, தென்னை போனா பத்து வருசம் போச்சு" என்று அழுதார். பால்மரத்தை நம்பி வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு அந்த வலி சொல்லாமலே புரியும். கன்று நட்டு, ஆறேழு வருடம் காத்திருந்து, வெட்டத் தொடங்கிய நிரை ஒரே காற்றில் முறிந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

இது எப்போதோ நடக்கும் அதிசயமும் இல்லை. 1989 நவம்பர் 4ஆம் தேதி கே என்ற டைஃபூன் தாய்லாந்தின் சும்போனைத் தாக்கி, மறுபக்கம் இறங்கி, இன்னும் பெரிதாகி, சில நாளில் ஆந்திரத்தின் காவலி அருகே கரையேறியது. 2019 ஜனவரி 4ஆம் தேதி பாபுக் புயல் நக்கோன் சி தம்மராட் மாநிலத்தில் கரையேறி அந்தமான் கடலுக்குள் போனது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் ஏழு பேர் உயிரிழந்த அந்த வெள்ளத்தையும், கெடாவின் தெற்கே வீடுகளுக்குள் புகுந்த தண்ணீரையும் கொண்டு வந்தது தாய்லாந்து வளைகுடாப் பக்கமிருந்து வந்த தாழ்வழுத்தம்தான்.

நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். 1926இல் கட்டப்பட்ட ராஜுலா கப்பலின் பெயர் இன்றும் பல குடும்பங்களில் சொல்லப்படுகிறது. அவர்கள் மேற்கிலிருந்து கிழக்கே வந்த அதே கடலில், புயல்கள் கிழக்கிலிருந்து மேற்கே போகின்றன. இன்னும் பின்னே போனால், 1025இல் ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு, அதாவது அன்றைய கெடாவுக்கு, படை அனுப்பியதும் இந்தக் கடல் வழியேதான். அதற்கும் முன்பு, ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் புத்தகுப்தன் என்ற மாலுமி தன் பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்று கல்லில் எழுதி வைத்தான். அந்தக் கல் 1834இல் செபராங் பிறையில் கண்டெடுக்கப்பட்டது. கடலைக் கண்டு பயப்படத் தெரிந்தவர்கள் அந்தக் கால மாலுமிகள். பருவக்காற்று திரும்பும்வரை பூஜாங் பள்ளத்தாக்கில் காத்திருந்து, குனோங் ஜெராய் மலையை அடையாளமாக வைத்துக் கப்பல் ஓட்டினார்கள்.

எல்லாக் காற்றும் புயல் இல்லை

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் திடீரென்று மேற்கிலிருந்து கருத்துக்கொண்டு வந்து, தகரக் கூரையைப் பிய்த்துவிட்டு, இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் காற்று இருக்கிறதே, அது சுமத்ரா காற்று. இரவில் நீரிணைப் பக்கம் இடிமேகங்கள் வரிசை கட்டி உருவாகி, தென்மேற்குப் பருவக் காலத்தில் நம் கரைக்கு வருபவை. வேகம் மணிக்கு 70, 80 கிலோமீட்டர்கூடப் போகும். காலையில் பெரட்டுக்கு, ஆள்கணக்கெடுப்புக்கு, போகும் நேரத்தில் வந்து அன்றைய பால்வெட்டைக் கெடுத்தது பெரும்பாலும் இதுதான். இதில் புயலைப் போன்ற சுழல் மையம் கிடையாது.

மலையடிவார வெள்ளமும் வேறு. 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி குனோங் ஜெராயிலிருந்து சேறும் மரமும் பாறையுமாக இறங்கி யான் பகுதியில் உயிர்களைப் பறித்த தண்ணீருக்கும், 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங்கின் குப்பாங் பக்கம் மூன்று பேரைக் கொண்டுபோன வெள்ளத்துக்கும் புயல் காரணமில்லை. மலைமேல் குறுகிய நேரத்தில் கொட்டிய மழைதான் காரணம். ஆனால் புயல் மழையிலும் இந்த மலை வெள்ளங்களிலும் பாடம் ஒன்றுதான். கெடாவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் காற்று அல்ல, தண்ணீர்.

சூடேறும் உலகில் இந்தத் தண்ணீர் கூடப்போகிறது. காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும். அதே அளவு புயல் வந்தாலும் முன்பைவிட அதிக மழை கொட்டும்.

சென்யார் வந்த அதே வாரத்தில் தித்வா புயல் இலங்கையைக் கடந்தது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தன. தேயிலைத் தோட்டங்களில் சரிவு ஓரம் கட்டிய லயங்களில் இன்றும் வாழ்கிற மலையகத் தமிழர்கள் அதில் பெரிதும் அடிபட்டார்கள். இங்கே வந்த நம்மைப் போலவே அங்கே கூலிக்குப் போனவர்களின் பிள்ளைகள் அவர்கள். எந்த இடத்தில் வீடு கட்டலாம் என்று முடிவெடுக்கும் உரிமை தோட்டத் தொழிலாளிக்கு என்றும் இருந்ததில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு கெடாவிலும் நம் மக்கள் பலர் ஆற்றோரத்திலும் தாழ்வான நிலத்திலும்தான் போய்க் குடியேறினார்கள். புயலைப் பற்றி நான் இவ்வளவு அக்கறையோடு எழுதுவதற்கு இதுவே காரணம்.

என்ன செய்யலாம்

"புயல் வராது" என்ற வாக்கியத்தை இனி வீட்டில் சொல்லாதீர்கள். வடக்கே புயல் கடந்தால் நமக்கு மழை வரும் என்று சொல்லுங்கள். அக்டோபர், நவம்பரில் தாய்லாந்து வளைகுடாவில் ஒரு தாழ்வழுத்தம் என்று கேள்விப்பட்டாலே அது நம் செய்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மலேசிய வானிலைத் துறை தொடர்மழை எச்சரிக்கையை மூன்று நிலைகளில் தருகிறது: மஞ்சள் நிறத்தில் வஸ்பாடா, ஆரஞ்சில் பூரோக், சிவப்பில் பஹாயா. ஆரஞ்சு வந்தாலே அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருந்து, பிள்ளைகளின் பள்ளிப் பொருள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். சிவப்பு வந்தால், தண்ணீர் வாசலுக்கு வரும்வரை காத்திருக்காமல் நிவாரண மையத்துக்குப் போங்கள். ஆற்று நீர்மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோபாஞ்சிர் தளத்தில் எந்த நேரமும் பார்க்கலாம். ஆபத்தில் மாட்டினால் 999.

இன்னொரு வேண்டுகோள். இந்த எச்சரிக்கைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் கைப்பேசிக்கு வருகின்றன. தோட்டத்திலேயே வாழ்ந்து முதுமையடைந்த நம் தாத்தா பாட்டிகள் பலருக்கு அவற்றை வாசிக்கத் தெரியாது. கோயில் குழுக்களும் பள்ளிப் பெற்றோர் குழுக்களும் இளைஞர் மன்றங்களும் ஒவ்வொரு எச்சரிக்கையையும் தமிழில் குரல் பதிவாக்கி அனுப்பலாம். பழைய காணொளிகளையும் வதந்திகளையும் பரப்புவதை விட்டுவிட்டு, அந்த ஒரு வேலையைச் செய்தால் போதும். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் யார் என்று இன்றே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆரஞ்சு எச்சரிக்கை வரும்போது முதலில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.